கடலோர வழியும் மீனவர் ஊர்களும்: கார்ன்வால் தரும் பாடம்

உழவனுக்கு நிலம் எவ்வாறோ, மீனவனுக்குக் கடல் அவ்வாறு. நிலத்தை நம்பிய ஊருக்கு வரப்பும் வாய்க்காலும் களமும் எவ்வளவு இன்றியமையாதனவோ, கடலை நம்பிய ஊருக்குத் துறையும், படகேற்றும் மணலும், வலை வைக்கும் கொட்டகையும் அவ்வளவு இன்றியமையாதன. அத்தகைய ஊருக்கு ஒரு நாள் நல்ல பாதை வருகிறது. பாதை வழியே கார்கள் வருகின்றன. வருவோர் கடலழகைக் கண்டு மகிழ்கின்றனர், உண்கின்றனர், தங்குகின்றனர், பணம் தருகின்றனர். ஊர் செழிப்பதாகவே எல்லோரும் எண்ணுகின்றனர். ஆயினும் சில ஆண்டுகள் சென்றபின், அவ்வூரிலே பிறந்த இளைஞன் அங்கு ஒரு வீட்டை விலைக்கு வாங்கவும் இயலாமல், வாடகைக்குப் பிடிக்கவும் இயலாமல், வேற்றூருக்குக் குடிபோக நேரிடுகிறது. ஊருக்கு வந்த வளம் ஊராருக்கு உதவாமற் போவது எதனால்? அதனைத் தடுக்க ஊர் மன்றத்தால் ஆவது என்ன?

இவ்விரு வினாக்களுக்கும் விடை காண, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால் என்னும் கடலோர மாவட்டத்தை நாம் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம். அங்கு விடுமுறைக்கு வருவோர் பெரும்பாலும் தாமே காரோட்டிக்கொண்டு ஊர் ஊராகச் செல்கின்றனர். அவர்கள் செல்லும் வழியிலேயே நாமும் சென்று, ஒவ்வோர் ஊரும் வருகின்ற காரை எவ்வாறு எதிர்கொண்டது என்பதை ஆராய்வோம்.

நிலமும் கடலும்

கார்ன்வால் மூன்று பக்கமும் கடலால் சூழப்பட்டது. நான்காம் பக்கத்தில் ஏறத்தாழ முழு எல்லையாகவும் அமைந்திருப்பது டாமர் ஆறு. மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 3,560 சதுர கிலோமீட்டர். 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 5,70,000. கடற்கரையின் நீளமோ 400 மைல் அளவு. கருங்கல்லும் பலகைக்கல்லும் மிகுந்த நிலம். அதன்மேல் அட்லாண்டிக் பெருங்கடலின் அலைகள் இடையறாது மோதுகின்றன. ஆதலால் கரையின் பெரும்பகுதி செங்குத்தான பாறைச் சுவர்களாய் நிற்கிறது. சிற்றாறு ஒன்று பாறையைக் குடைந்து கடலிற் சேரும் இடங்களில் மட்டும் சிறு பிளவுகள் உண்டு. மீனவர் ஊர்கள் பல அப்பிளவுகளிலே அமைந்தவை. கழுதையும் கைவண்டியும் செல்வதற்கென்று வகுத்த சந்துகளாதலின், அவற்றில் ஒரு காரும் தட்டுத் தடுமாறியே நுழைய முடியும். இவ்வூர்களின் அழகுக்கும் அல்லலுக்கும் இந்த அமைப்பே காரணம்.

இந்நிலத்திற்கும் நமக்கும் பழைய தொடர்பு உண்டு. மேற்குக் கரையில் வெள்ளீயமும் செம்பும் தோண்டிய சுரங்கங்களின் நீராவிப் பொறிக் கூடங்கள் இன்றும் பாறை விளிம்புகளில் நிற்கின்றன. அச்சுரங்கத் தொழில் நலிந்தபோது கார்ன்வால் தொழிலாளர் உலகெங்கும் பிழைக்கச் சென்றனர். 1880-க்குப் பின் கோலார் தங்கவயலில் மேற்பார்வையாளராக வந்தவர்களுள் அவர்களும் இருந்தனர். அச்சுரங்கங்களில் அவர்களோடு உழைத்தவர்களுள் தமிழர் மிகப் பலர். 1870-இல் பம்பாயுடன் இணைந்த கடலடித் தந்திக் கம்பி கரையேறியதும், கார்ன்வாலின் போர்த்கர்னோ என்னும் சிறு துறையிலேதான். அச்சுரங்கக் கூடங்களும் அக்கடற்றுறையும் இன்று பயணிகள் நின்று காணும் இடங்களாகிவிட்டன.

சாளை மீன் எழுப்பிய ஊர்கள்

இவ்வூர்களை எழுப்பியது சாளை இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு மீன். கோடை முதிர்ந்து இலையுதிர்காலம் வரும் வரையில் அது பெருங்கூட்டமாகக் கரையை ஒட்டி வரும். அதனைக் காண்பதற்கென்றே மேட்டுப் பாறையில் ஒருவரை நிறுத்துவர். கடல் நீரின் நிறம் மாறுவதையும், பறவைகள் ஒரே இடத்தில் வட்டமிடுவதையும் கண்டதும் அவர், ‘ஹெவா, ஹெவா’ என்று உரத்துக் கூவுவார். ஊரார் அனைவரும் கரைக்கு ஓடுவர். மேட்டில் நிற்பவர் கையில் பிடித்த புதர்க்கொத்துகளை அசைத்து, படகுகள் எப்பக்கம் திரும்ப வேண்டும், வலையை எங்கே வளைக்க வேண்டும் என்று காட்டுவார். நியூகே என்னும் ஊரில் அத்தகைய காவலர் தங்கிய வெள்ளைச் சுவர்க் கட்டிடம் இன்றும் கடலை நோக்கி நிற்கிறது.

மீன் கரை சேர்ந்தபின் வேலை பெண்களுடையது. வீடுகளின் கீழ்த்தளத்திலே மீனையும் உப்பையும் அடுக்கடுக்காகச் சுவர் போல் எழுப்பி, ஒரு மாதத்திற்கு மேலும் அப்படியே விட்டுவைப்பர். பின்னர்க் கழுவி, மரப்பீப்பாய்களில் அடைத்து, பாரம் ஏற்றி அழுத்துவர். ஒரு பெரிய பீப்பாயில் ஏறத்தாழ 3,000 மீன் கொள்ளும். அழுத்தும்போது வடியும் எண்ணெய் விளக்கெரிக்க உதவும். பீப்பாய்கள் இத்தாலி நாட்டுக்குக் கப்பலேறும். அங்குக் கத்தோலிக்க மக்கள் இறைச்சி உண்ணாத நோன்பு நாட்களில் இம்மீனே பெரிதும் உணவாயிற்று. கீழே மீன் அறை, மேலே குடியிருப்பு, நடுவே கல் பாவிய முற்றம் என்று அவ்வூர் வீடுகள் அமைந்ததன் காரணம் இத்தொழிலே. இன்று பயணிகள் படம் பிடித்து மகிழும் பழைய வீடுகளுள் பல, உப்பும் மீனும் மணத்த பண்டகசாலைகளாக இருந்தவை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன் கூட்டங்கள் கரைக்கு வருவது குறைந்தது. அதே காலத்தில் மற்றொரு வருகை பெருகியது. 1859-இல் டாமர் ஆற்றின் மேல் இருப்புப்பாதைப் பாலம் திறக்கப்பட்டது. 1877-இல் செயின்ட் ஐவ்ஸ் ஊருக்குக் கிளைப் பாதை வந்தது. முதலில் ஓவியர் வந்தனர். அவர் தீட்டிய படங்களைக் கண்டு பிறர் வந்தனர். 1961-இல் அதே ஆற்றின் மேல் கார் செல்லும் பாலமும் எழுந்தது. அதன்பின் கோடைதோறும் பெருகிய கார்களின் எண்ணிக்கை, மீன் பிடித்த ஊர்களை விருந்தினரைப் பிடிக்கும் ஊர்களாக மாற்றிற்று.

காரோட்டி வருவோர் அறியவேண்டியவை

இங்கிலாந்திலும் நம் நாட்டைப் போலவே வண்டிகள் சாலையின் இடப்பக்கம் செல்கின்றன. செல்லத்தக்க இந்திய ஓட்டுநர் உரிமம் உடைய விருந்தினர், அங்கு 12 மாதம் வரை சிறு கார் ஓட்டலாம். தூரமும் வேகமும் மைல் கணக்கில் குறிக்கப்படும். டெவன் மாவட்டத்துக் கிளவெல்லியில் தொடங்கி, வடகரை வழியே இறங்கி, மேற்கு முனையைச் சுற்றி, தென்கரை வழியே பிளிமத் நகரை அடையும் வழி ஏறத்தாழ 250 மைல். இரண்டு நாளில் ஓட்டி முடிக்கலாம்; ஆனால் ஒரு வாரம் ஒதுக்கினாலன்றி எதனையும் கண்டதாகாது.

பெருஞ்சாலையை விட்டுத் திரும்பியதும் சந்து வழி தொடங்கும். இருபுறமும் ஆளுயரத்திற்கு மேல் மண்ணும் கல்லுமாய் எழுந்த வேலிகள். நடுவே ஒரு வண்டி செல்லும் அகலம். இடையிடையே ஒதுங்குமிடம் உண்டு. எதிரே வண்டி வந்தால், ஒதுங்குமிடத்திற்கு அருகில் இருப்பவரே பின்னோக்கி ஓட்டி வழிவிட வேண்டும். வழி பெற்றவர் கையுயர்த்தி நன்றி கூறுவது அங்குள்ள வழக்கம். பின்னோக்கி ஓட்டத் தெரியாதவர் அவ்வழிகளில் செல்லாதிருத்தல் நலம். பெரிய காரினும் சிறிய காரே மேல். செல்பேசி காட்டும் குறுக்கு வழியை நம்பிச் சுவர்களிடையே சிக்கிக்கொள்வோரும் உண்டு. வளைவுக்கு அப்பால் டிராக்டரோ பால்மாட்டு மந்தையோ வரக்கூடும் என்று எண்ணியே ஓட்ட வேண்டும். அச்சந்துகள் முதலில் உழவருக்கு உரியவை. விருந்தினர் அவற்றை இரவலாகப் பயன்படுத்துபவர்.

கடல் ஏறும் நேரமும் வற்றும் நேரமும் அறிந்திருத்தல் மற்றொரு தேவை. அங்குப் பெரும் ஓத நாட்களில், தென்கரையிலேயே ஏறத்தாழ 5 மீட்டர் உயரம் நீர் ஏறி இறங்கும். காலையில் அகன்ற மணலாகக் கிடந்த துறை, பிற்பகலில் ஆள் மூழ்கும் ஆழமாகிவிடும். மணலில் காரை நிறுத்திச் சென்று, திரும்பி வந்து பார்க்கும்போது அது நீரில் மிதக்கக் கண்டவரும் உளர்.

தனியார் உடைமையான ஓர் ஊர்

முதல் ஊர் கிளவெல்லி. பாறைச் சரிவில் படிக்கட்டுப் போல் இறங்கும் ஒற்றைத் தெரு. கீழே சிறு துறைமுகம். தெருவில் எந்த வண்டியும் செல்வதில்லை. அரிசி மூட்டையானாலும் மேசை நாற்காலியானாலும் மரச்சறுக்குப் பலகையில் வைத்தே இழுத்துச் செல்கின்றனர். விருந்தினர் மேட்டிலே காரை நிறுத்தி, நுழைவுக் கட்டணம் செலுத்தி, நடந்து இறங்க வேண்டும்.

இவ்வூரின் நிலமும் வீடுகளும் 1738 முதல் ஒரே குடும்பத்தின் வழியில் இருந்து வருகின்றன. வீடுகள் விற்கப்படுவதில்லை, நிலையாகக் குடியிருப்போருக்கே வாடகைக்கு விடப்படுகின்றன. ஆதலால் ஊரில் பூட்டிய வீடுகள் இல்லை. மாலையில் சன்னல்தோறும் விளக்கெரிகிறது. கட்டணமும் வாடகையும் பழைய வீடுகளைப் பழுதுபார்க்க உதவுகின்றன. எனினும் ஊரின் தலைவிதி உடைமையாளர் ஒருவரின் எண்ணத்தைச் சார்ந்தே இருக்கிறது. நல்ல எண்ணம் உள்ளவரை நலமே. ஆனால் அது ஊராரின் உரிமை ஆகாது. ஊரார் தாமே கூடி இப்பயனைப் பெற வழி உண்டா என்பதே நாம் மேலே சென்று காணவேண்டியது.

புகழ் வந்த ஊர்

கிளவெல்லியிலிருந்து தெற்கே ஏறத்தாழ 45 மைல் சென்றால் போர்ட் ஐசக். நண்டும் பெருஞ்சிங்கி இறாலும் பிடிக்கும் சிறு ஊர். அங்குள்ள சந்து ஒன்றில் வயிற்றை ஒடுக்கிக்கொண்டே நடக்க வேண்டும். 2004 முதல் 2022 வரை ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சித் தொடர் இங்கே படமாக்கப்பட்டது. அதனால் ஊரின் புகழ் உலகெங்கும் பரவியது. மருத்துவர் வேடமிட்டவரின் வீடு எது என்று கேட்டு வருவோர் இன்றும் வருகின்றனர்.

புகழ் என்பது மழையைப் போன்றது. வேண்டியபோது வருவதில்லை, வந்தால் அளவறிந்து நிற்பதுமில்லை. ஆனால் மழைநீருக்கு ஏரி வெட்டி வைத்திருக்கும் ஊர் வெள்ளத்தால் அழிவதில்லை. போர்ட் ஐசக்கின் ஏரி, மேட்டின்மேல் உள்ள வண்டி நிறுத்துமிடமே. கார்கள் பெரும்பாலும் அங்கே நின்றுவிட, மனிதர் மட்டும் இறங்கி வருகின்றனர். இச்சிறு ஏற்பாடு இல்லையெனில், துறைக்கு மீன் ஏற்ற வரும் வண்டிக்கும், நோயாளியை ஏற்ற வரும் வண்டிக்கும் வழியிராது.

ஊரார் அளித்த வாக்கு

அங்கிருந்து நியூகே வழியாக மேற்கே சென்றால் செயின்ட் ஐவ்ஸ். வெண்மணலும் நீலக்கடலும் உடைய அழகிய ஊர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், இப்பகுதியின் வீடுகளுள் ஏறத்தாழ நான்கில் ஒன்றில் நிலையாகக் குடியிருப்போர் இல்லை என்று தெரிந்தது. அவை பெரும்பாலும் வெளியூர்ச் செல்வரின் இரண்டாம் வீடுகள், அல்லது வாரக்கணக்கில் விருந்தினருக்கு விடப்படும் வீடுகள். கோடையில் தெருவில் நடக்க இடமில்லை. தை மாதக் குளிரில் தெருவில் விளக்கில்லை. உணவகத்திலும் விடுதியிலும் வேலை செய்யும் உள்ளூர் இளைஞர் தொலைவிலிருந்து வந்து போக வேண்டியதாயிற்று.

இங்கே ஊர் மன்றத்தின் அதிகாரம் பற்றி ஒரு சொல். இங்கிலாந்தின் பாரிஷ் மன்றங்கள் நம் கிராமப் பஞ்சாயத்தை ஒத்தவை. 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றியவை. வீட்டுவரியோடு சேர்த்துத் தமக்குரிய சிறு பங்கை வசூலிக்கும் உரிமை அவற்றுக்கு உண்டு. 2011-இல் வந்த ஒரு சட்டம் மற்றோர் உரிமையையும் அளித்தது. ஊரார் கூடித் தம் பகுதியின் கட்டிட வளர்ச்சிக்கு ஒரு திட்டம் வகுக்கலாம். அதனைப் பொதுவாக்கெடுப்புக்கு விடலாம். வாக்களித்தோரில் பாதிக்கு மேற்பட்டவர் ஏற்றால், கட்டிட அனுமதி வழங்கும் மேல் மன்றம் அத்திட்டத்தைக் கருத்திற் கொண்டே தீரவேண்டும்.

செயின்ட் ஐவ்ஸ் மக்கள் இவ்வுரிமையைக் கையாண்டனர். இனிப் புதிதாகக் கட்டும் வீடுகளில் அவற்றையே முதன்மை இல்லமாகக் கொண்டு வாழ்வோர் மட்டும் குடியிருக்க வேண்டும் என்று திட்டத்தில் எழுதினர். 2016 மே மாதத்தில் நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்கு 83 பேர் அதனை ஏற்றனர். எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கும் அவ்வாண்டு நவம்பரிலேயே உயர்நீதி மன்றத்தில் தள்ளுபடியாயிற்று. வேறு சில கடலோர ஊர்களும் அவ்வழியைப் பின்பற்றின.

ஆயினும் இதன் எல்லையையும் நாம் அறிய வேண்டும். அவ்விதி புதிய வீடுகளையே கட்டுப்படுத்தும். பழைய வீடுகளை வெளியூரார் வாங்குவதை அது தடுக்காது. புதிய வீடு கிடையாது என்றானபின் அவர்கள் பழைய வீடுகளையே நாடுவர். அவற்றின் விலை ஏறும். ஆகவே ஒரு விதியால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று எண்ணுதல் தவறு. 2025 ஏப்ரல் முதல் கார்ன்வால் மாவட்ட மன்றம் இரண்டாம் வீடுகளுக்கு வீட்டுவரியை இருமடங்காக்கியுள்ளது. கட்டிட விதி, வரி, உள்ளூராருக்கென வீடு கட்டுதல் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்தாலன்றிப் பயன் முழுமையாகாது.

வழியில் ஓர் உழவர் நாடு

செயின்ட் ஐவ்ஸிலிருந்து மேற்கு முனைக்குச் செல்லும் குறுகிய சாலை உழவர் காணவேண்டிய ஒன்று. ஜென்னர் என்னும் ஊரைச் சுற்றியுள்ள சிறுசிறு வயல்களின் கல்வரப்புகளுள் பல, கிறிஸ்து பிறப்பதற்கும் முற்பட்டவை. அன்று இட்ட வரப்பிற்குள்ளேயே இன்றும் மாடு மேய்கிறது. இருபுறமும் கல் அடுக்கி, நடுவே மண் நிரப்பி, மேலே செடி வளர விட்ட இவ்வேலிகள் கடற்காற்றைத் தடுக்கின்றன. மண் அரிப்பைத் தடுக்கின்றன. பறவைக்கும் பூச்சிக்கும் இடமளிக்கின்றன. சாலையை அகலப்படுத்த வேண்டுமென்று அவற்றை இடித்திருந்தால், கார் சற்று விரைவாகச் சென்றிருக்கும். காண்பதற்கு ஒன்றும் இருந்திராது.

குளிர் குறைந்த நிலமாதலின் இங்கு முன்பருவ உருளைக்கிழங்கும், பூக்கோசும், மஞ்சள் நிற டாஃபடில் மலரும் விளைகின்றன. உழவர் பலர் தம் வீட்டில் இரண்டொரு அறைகளை விருந்தினருக்கு விடுகின்றனர். வாயிலில் ஒரு பலகைமேல் முட்டையும் கிழங்கும் வைத்து, அருகில் ஓர் உண்டியலையும் வைத்துவிட்டு வயலுக்குப் போய்விடுவோரும் உண்டு. வருவோர் பணம் போட்டுவிட்டு எடுத்துச் செல்வர். இடைத்தரகர் இன்றி விருந்தினரின் பணம் உழவர் கைக்கு நேரே சேரும் வழி இது.

கரையின் பெரும்பகுதியில் கட்டிடங்கள் எழாதிருப்பதற்கும் காரணம் உண்டு. நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிறுவனம் 1897-இல் டின்டாஜல் ஊருக்கருகில் ஒரு கடல்முனையைப் பெற்றது; 1965-இல் கடற்கரை நிலங்களை வாங்கிக் காப்பதற்கென்றே நாடெங்கும் நிதி திரட்டத் தொடங்கியது. கள்ளக்கடத்தலைத் தடுக்கக் காவலர் நடந்த பழைய ஒற்றையடிப் பாதைகளும் இன்று இணைக்கப்பட்டு, 630 மைல் நீளமுள்ள தென்மேற்குக் கடலோர நடைபாதையாக விளங்குகின்றன. காரை ஊரில் நிறுத்தி, அப்பாதையில் நடந்து செல்வோரே இக்கரையை உண்மையில் கண்டவராவர்.

எட்டுப் பேர் சென்ற படகு

மேற்கு முனையைச் சுற்றித் தென்கரைக்கு வந்தால் மௌசல் என்னும் சிற்றூர். 1595-இல் ஸ்பெயின் நாட்டுப் படையினர் இவ்வூரைக் கொளுத்தினர். கார்ன்வால் மக்களின் பழைய மொழியைப் பேசியவர்களுள் புகழ்பெற்ற டாலி பென்ட்ரீத் என்னும் மீன் விற்ற மூதாட்டி 1777-இல் இங்கேதான் மறைந்தார். ஆனால் இவ்வூரை எண்ணும்போது மக்கள் நினைப்பது 1981 டிசம்பர் 19-ஆம் நாளையே.

அன்றிரவு கடும்புயல். ‘யூனியன் ஸ்டார்’ என்னும் சரக்குக் கப்பல் பொறி நின்று கரைப் பாறைகளை நோக்கி அடித்து வரப்பட்டது. அதில் எட்டுப் பேர் இருந்தனர். மேலிருந்து ஹெலிகாப்டரால் அவர்களைத் தூக்க இயலவில்லை. மௌசலைச் சேர்ந்த தொண்டர் எட்டுப் பேர் ‘சாலமன் பிரவுன்’ என்னும் உயிர்மீட்புப் படகில் சென்றனர். ஊதியம் பெறாதவர், மீனவர் முதலிய பல தொழில் செய்தவர். நான்கு பேரை மீட்டுவிட்டோம் என்ற செய்தி வானொலியில் வந்தது. அதன்பின் ஒலி இல்லை. இரு கலங்களிலும் இருந்த பதினாறு பேரும் மாண்டனர். ஒரு நாள் கழியுமுன்னே, புதிய படகுக்குப் போதிய தொண்டர் அவ்வூரிலிருந்தே பெயர் கொடுத்தனர். இன்றும் டிசம்பர் 19 இரவில், ஒரு மணி நேரம் ஊரின் பண்டிகை விளக்குகள் அணைக்கப்படுகின்றன.

இதனை நாம் இங்கு எடுத்துரைப்பது வியப்பதற்காக மட்டுமன்று. உயிர்மீட்புப் படகுக்குத் தொண்டர் வேண்டுமானால் அவர்கள் துறைக்கு அருகில் வாழ வேண்டும். அழைப்பு வந்த சில நிமிடங்களில் கரைக்கு ஓடிவர வேண்டும். இன்று மௌசலின் பழைய வீடுகளுள் பல விடுமுறை இல்லங்கள். பூட்டிய வீட்டிலிருந்து புயலிரவில் எவர் புறப்பட்டு வருவார்? வீடு விற்பனை என்பது விற்பவரும் வாங்குபவரும் மட்டும் அறிய வேண்டிய செய்தியன்று. ஊரின் காவலும் பள்ளியும் பொதுப்பணியும் அதனைச் சார்ந்திருக்கின்றன.

துறையைக் காத்த ஊர்கள்

மௌசலுக்கு அருகிலுள்ள நியூலின் இன்றும் தொழில் நடக்கும் பெருந்துறை. இங்கிலாந்தின் முதன்மையான மீன்பிடித் துறைகளுள் ஒன்று. பழைய சாளை மீன் இங்கே புதுவாழ்வு பெற்றது. உப்பிட்ட மீனை விரும்புவோர் குறைந்தபின் அதன் விலை வீழ்ந்து கிடந்தது. அதே மீனைப் புதிதாகவே விற்று, ‘கார்ன்வால் சார்டின்’ என்று பெயரிட்டபின் உணவகங்கள் நாடி வாங்கின. 2009-இல் அப்பெயர் புவிசார் குறியீட்டின் காவலையும் பெற்றது. கடற்கரையில் உண்ணும் விருந்தினர் அக்கடலின் மீனையே கேட்டு உண்பாராயின், சுற்றுலாவும் மீன்பிடியும் ஒன்றையொன்று தாங்கும்.

லிசர்டு முனைக்கருகில் காட்ஜ்வித் என்னும் சிறுதுறை உண்டு. துறைமுகச் சுவர் இல்லை. படகுகளைப் பொறியால் கற்கரைமேல் இழுத்தேற்றுகின்றனர். மீனவர் வலையும் கூடும் வைத்திருந்த பழைய கட்டிடங்கள் விலைக்கு வந்தன. அவை விடுமுறை வீடுகளானால் தொழிலே நின்றுவிடும் என்று மீனவர் அஞ்சினர். 2021-இல் பொதுமக்களிடம் நன்கொடை வேண்டி, ஏறத்தாழ மூன்று லட்சம் பவுண்டு திரட்டி அவற்றை ஊருக்காகக் காப்பாற்றினர். வலை வைக்கும் கொட்டகை பார்வைக்கு எளியது. அது போனால் கடலுக்கு வழி போயிற்று.

ஃபால் ஆற்றைச் சங்கிலியால் இழுக்கப்படும் ஓடத்தில் காரோடு கடந்தால் மெவகிஸி. இவ்வூரார் 1774-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வாயிலாக உரிமை பெற்றுத் துறைச்சுவர் கட்டினர். இன்றும் துறை ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. அப்பால் போல்பெரோ. இங்கும் விருந்தினர் கார்கள் ஊரின் மேல்முனையில் நிறுத்தப்படுகின்றன. அரை மைல் தூரம் நடந்தோ சிறு மின்வண்டியில் ஏறியோ துறையை அடைய வேண்டும். நடப்பவர் வழியில் கடைகளைக் காண்கிறார், நின்று வாங்குகிறார். கார் ஊருக்குள் வராததால் வணிகம் கெடும் என்ற அச்சத்திற்கு இத்தெருவே விடை.

நாம் கொள்ளும் பாடம்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால் சில உண்மைகள் தெளிவாகும்.

முதலாவது: கார் எங்கே நிற்க வேண்டும் என்பதை ஊரே முன்கூட்டி முடிவு செய்ய வேண்டும். கூட்டம் வந்தபின் இடம் தேடுதல் வெள்ளம் வந்தபின் கரை கட்டுவதை ஒக்கும். நிறுத்துமிடம் ஊர் மன்றத்தின் உடைமையாயின், அதன் வருவாய் கழிப்பிடத்திற்கும் துப்புரவுக்கும் பயன்படும். விருந்தினரின் செலவு உள்ளூராரின் வரியில் ஏறாது.

இரண்டாவது: துறை, மணல், கொட்டகை, நடைபாதை ஆகியவை ஒரு முறை கைமாறினால் மீள்வது அரிது. விற்பனைக்கு வருமுன்னரே அவற்றைப் பொதுவுடைமையாகப் பதிவு செய்தல் எளிது. வந்தபின் மீட்பதற்கு லட்சக்கணக்கில் வேண்டும்.

மூன்றாவது: விருந்தினர் வருவது சில மாதங்களே, ஊர் வாழ்வது பன்னிரண்டு மாதமும். மீனும் பயிரும் மாடும் ஆகிய பழைய தொழில்களைக் கைவிட்டுச் சுற்றுலா ஒன்றையே நம்பிய ஊர், மழைக்கால முழுவதும் வேலையின்றி இருக்க நேரிடும். விருந்தோம்பல் துணைத்தொழிலாக இருக்கும் வரையில் நலம் பயக்கும்.

நான்காவது: விருந்தினர் தேடி வருவது கட்டிடங்களை மட்டுமன்று. படகு இழுப்பவரையும், வலை பின்னுபவரையும், வாயிலில் முட்டை வைத்துச் செல்பவரையும் காணவே வருகின்றனர். அம்மக்கள் வாழ இடமின்றிப் போனால், எஞ்சுவது வெறும் சுவரே. அதனைக் காணவும் எவரும் நெடுநாள் வரமாட்டார். ஆதலின் ஊராரைக் காப்பதே ஊரின் அழகைக் காக்கும் வழி.

பாதை வருவதை எந்த ஊரும் தடுக்க வேண்டியதில்லை, தடுத்தலும் கூடாது. வருகின்ற பாதை எந்த இடத்தில் முடிய வேண்டும், அதன் வழியே வரும் பொருள் எவர் கையில் சேர வேண்டும் என்பதை ஊர் மன்றம் கூடி முடிவு செய்தல் வேண்டும். கார்ன்வால் ஊர்களுள் முன்னமே கூடி முடிவு செய்தவை பிழைத்தன. காலம் தாழ்த்தியவை இன்று பெருவிலை கொடுத்து மீட்க முயல்கின்றன.

மன்றத்தில் கலந்து பேசுதற்குரிய வினாக்கள்

1. நம் ஊருக்கு வெளியூரார் வரக்கூடிய இடங்கள் யாவை? அவர்கள் வண்டிகளை நிறுத்துவதற்குக் குறிக்கத்தக்க பொது நிலம் எது?

2. துறை, களம், மேய்ச்சல் நிலம், நடைபாதை ஆகியவற்றுள் எவை இன்னும் பொதுவுடைமையாகப் பதிவு செய்யப்படாமல் உள்ளன?

3. ஊரில் ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனை? ஐந்தாண்டுகளுக்கு முன் எத்தனை?

4. வரும் விருந்தினர் உண்ணும் உணவில், நம் ஊர் வயலிலும் நீரிலும் விளைந்தது எவ்வளவு? அதனை மிகுவிக்க வழி என்ன?

5. ஊருக்கு இடர் நேரும் இரவில் ஓடிவரக்கூடியவர் எவர் எவர்? அவர்கள் நம் ஊரிலேயே வாழ்வதற்கு மன்றம் என்ன செய்தல் வேண்டும்?